ஏழு வருடமாக வகுப்பறையில் விக்கிப்பீடியா: என் அனுபவம்

"விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதாதீங்க" என்று மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்த ஆசிரியர்களில் நானும் ஒருத்திதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு, ஒரு தகவலை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு என் பொறுப்பில் வந்தபோதுதான், திட்டுவதை விட்டுவிட்டு அதிலேயே எழுத வைத்தால் என்ன என்று தோன்றியது. ஏழு வருடம் ஆகிறது.

முதல் வருடம் படுதோல்வி. ஆளுக்கொரு புதுக் கட்டுரை, நீளத்துக்கு ஏற்ற மதிப்பெண் என்று அறிவித்தேன், அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பாதிப் பேர் ஆங்கிலக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்து அப்படியே ஒட்டினார்கள், ஒரே வாரத்தில் 'இந்தக் கட்டுரையை நீக்க வேண்டும்' என்ற அறிவிப்புகள் (நீக்கல் வார்ப்புருக்கள்) வரிசையாக வந்து விழுந்தன. சம்பளம் வாங்காமல் உழைக்கும் பயனர்களுக்கு என் வகுப்பைத் துப்புரவு செய்வதே வேலையாகிவிட்டது. அதற்கும் முன்பாக இன்னொரு கூத்து. ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரி) ஒரு நாளைக்கு ஆறு விக்கிப்பீடியாக் கணக்குகள்தான் தொடங்க முடியும் என்பது தெரியாமல் 32 பேரைக் கணினிக்கூடத்தில் உட்கார வைத்திருந்தேன். ஏழாவது பெண்ணிலிருந்து எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

இப்போது புதுக் கட்டுரையே கிடையாது. ஏற்கெனவே இருக்கும் கட்டுரையில் ஒரு வாக்கியம், அதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். முதலில் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவிலேயே எழுதிப் பழகும் பக்கத்தில், எழுத வேண்டும், அந்தச் சான்றை எங்கெல்லாம் தேடினோம் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அந்தப் பக்கத்துக்குத்தான்.

மூன்றாம் வருடம் ஒரு மாணவி, பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று மணல்தொட்டியில் எழுதியிருந்தாள். சான்றாக நாலைந்து இணையதளங்கள், எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே வாக்கியம், எழுதியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். தோழிகளோடு ஒரு சாயங்காலம் போய்த் தரையில் நீளமாகக் கிடந்த நிழலைப் படம் எடுத்து வந்தாள். "நிழல் விழுகிறது, நானே பார்த்தேன்" என்று எழுதப் போனவளிடம் அதையும் எழுத முடியாது, சொந்த ஆய்வு கூடாது என்பது அங்கே விதி என்று சொன்னபோது அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அப்போ கண்ணால பார்த்தது பொய்யா மேம்?" பொய் இல்லை, ஆனால் படிக்கிறவர் உன்னை நம்ப வேண்டியதில்லை, அச்சில் வந்த ஒன்றைத் தானே எடுத்துச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று விளக்கினேன். இரண்டு வாரம் நூலகத்தில் கிடந்து கோயிலைப் பற்றிய ஒரு புத்தகத்தில் பக்க எண்ணோடு பிடித்துவிட்டாள்.

அவளே அப்புறம் இன்னொன்றும் கேட்டாள்: கோயில் கட்டி முடித்தது 1010 என்று யார் சொன்னது? கல்வெட்டில் 1010 என்று கிடையாது. ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டு 275-ஆம் நாள் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தது பற்றித்தான் இருக்கிறது. அவன் அரியணை ஏறிய 985-இலிருந்து கணக்குப் போட்டு வந்த ஆண்டு அது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைப் பிரித்து இதைக் காட்டிய அன்று வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

கட்டுரையை விட 'உரையாடல்', 'வரலாற்றைக் காட்டவும்' என்ற இரண்டு பொத்தான்களில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, தமிழ்நாட்டு வழக்கா இலங்கை வழக்கா என்று அங்கே நடந்திருக்கும் சண்டைகளைப் படிக்கச் சொன்னால் பிள்ளைகள் சினிமா பார்ப்பதுபோலப் படிக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்களா என்ற ஆச்சரியத்தைப் பாடப்புத்தகம் தருவதில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவின் 'பிச்சோலிம் போர்' கதையையும் தவறாமல் சொல்வேன். 1640-41இல் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியருக்கும் கோவாவில் நடந்ததாக 2007இல் யாரோ எழுதிய நீண்ட கட்டுரை, 'நல்ல கட்டுரை' என்ற தகுதி வேறு வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. சான்றாகக் கொடுத்திருந்த புத்தகங்களை ஒருவர் தேடிப் பார்த்து, அவை உலகத்திலேயே இல்லை என்று கண்டுபிடித்த பிறகுதான் நீக்கினார்கள். கடந்த இரண்டு வருடமாகச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் வரை எழுதிக்கொண்டு வருகிறார்கள். புத்தகத்தைக் கையில் கொண்டுவந்து காட்டு என்பது இப்போது கட்டாயம்.

குறைகள் நிறைய. சொந்த ஊரைப் பற்றி எழுத ஆசைப்படுவார்கள், தல புராணம் தவிர எதுவும் கிடைக்காது. இணையத்தில் கிடைப்பதும் பல நேரம் விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்தது, அதையே சான்றாகக் கொடுத்தால் நாய் தன் வாலைத் துரத்திய கதைதான். மாவட்ட விவரச்சுவடி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு, 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த பழைய கலைக்களஞ்சியம் ஆகியவற்றின் பக்கம் திருப்பிவிடுகிறேன். கைபேசியில் மேற்கோள் சேர்ப்பது தனி வேதனை. ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் என்றாலும் திருத்துவதற்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போகிறது.

இந்தப் பருவத்தில் 36 பேர். கணக்கை வீட்டிலேயே தொடங்கிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.