ஆறு பக்க ஒனேகின், அதில் ஐந்து சுத்தம்

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பழைய இசைத்தட்டு விற்பவரிடம் போன மாதம் வாங்கினேன். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்', முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம், அதாவது ஓபரா. சோவியத் கம்பெனி மெலோதியாவின் வெளியீடு, மூன்று எல்.பி. தட்டு. 1950களின் நடுவில் மாஸ்கோவின் போல்ஷாய் ஓபரா குழு பாடிய பதிவு. 1,200 கேட்டார், 900க்கு முடிந்தது. "ஒரு கீறல் இல்லண்ணே" என்றார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பா திருமங்கலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். அவருடைய ரெக்கார்டு பிளேயர் இன்னும் ஓடுகிறது. முள் மட்டும் புதுசு.

ரஷ்ய ஓபரா என்றால் எனக்கு முஸோர்க்ஸ்கியின் 'போரீஸ் கொதுனோவ்'தான் பழக்கம். ஜார் முடிசூடுவான், கோயில் மணி அதிரும், ஊரே கூடிக் கத்தும். இங்கே தொடக்கத்திலேயே வீட்டுத் தோட்டத்தில் அம்மாவும் ஆயாவும் ஜாம் காய்ச்சுகிறார்கள். அறுப்பு முடித்த குடியானவர்கள் பாடிக்கொண்டு வருகிறார்கள், சரி. ஆனால் கதை அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. சைக்கோவ்ஸ்கியே இதை ஓபரா என்று சொல்லாமல் வெறும் காட்சிகள் என்றுதான் பெயர் வைத்தார். 1879இல் மாஸ்கோவில் முதலில் மேடையேற்றியதும் இசைக் கல்லூரி மாணவர்களை வைத்துத்தான்.

கதாநாயகி தாத்யானா ஒனேகினுக்குக் கடிதம் எழுதும் இடத்துக்கே 900 தகும். பாடுவது விஷ்னேவ்ஸ்கயா. எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். அவள் பேனாவைத் தொட்டதும் ஓபோ என்ற ஊதுகுழல் ஒரு சின்ன இழுப்பு இழுக்கும். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க எழுதுறா?"

"ஊருக்குப் புதுசா வந்தவனுக்கு."

"வருவானா?"

"வந்து புத்தி சொல்லிட்டுப் போவான்."

"அதானே பாத்தேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது கீறல். ஒனேகினோடு துப்பாக்கிச் சண்டை குறித்துவிட்டு, காலையில் அவன் நண்பன் லென்ஸ்கி தனியாக நின்று பாடுவான்: 'குதா, குதா' என்று. போன நாள்கள் எங்கே, எங்கே என்று அர்த்தம். லெமெஷேவின் குரல், வெண்ணெய். சரியாக அங்கே முள் மாட்டிக்கொள்கிறது. சாகப் போகிறவன் எங்கே, எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே நிற்கிறான். அப்பா செய்கிற மாதிரி முள் தலையில் ஒரு பழைய நாலணாவை ஒட்டினேன், தாண்டிவிட்டது. தட்டுக்கு நல்லதில்லை, தெரியும்.

அதே கடையில் அன்டன் ரூபின்ஸ்டைனின் 'டெமன்' ஓபரா ஒன்றும் கிடந்தது. சைக்கோவ்ஸ்கி படித்த பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியை 1862இல் தொடங்கியவர் அவர். அடுத்த சனிக்கிழமை போகிறேன். இந்த முறை தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்த பிறகுதான் காசு.