பேரூராட்சி மன்றக் கூட்டம்: நேர்ல போய் பாத்த ரிவ்யூ (5க்கு 3.5)

ஹோட்டலுக்கு ஸ்டார் போடுறோம், செல்போன் கவருக்கு போடுறோம், முடி வெட்டுற கடைக்கு கூட போடுறோம், நம்ம வரிக்காசுல நடக்கிற மன்றக் கூட்டத்துக்கு மட்டும் ஒருத்தரும் போட்டு பாக்கல, அதான் நான் போடுறேன். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவுல உள்ள ஒரு பேரூராட்சி, பேரு வேண்டாம், போட்டா நாளைக்கு சாயாக்கடையில நாலு பேரு நம்மள நிறுத்தி விசாரிப்பான்.

முதல்ல காசு விஷயம். பாக்க போறவங்களுக்கு டிக்கெட் கிடையாது. மன்றக் கூட்டத்த பொதுமக்கள் உக்காந்து பாக்கலாம், தலைவர் காரணம் சொல்லி வெளிய போகச் சொன்னாதான் எந்திரிக்கணும். இது பலருக்கு தெரியாது, வாசல்ல நின்ன அண்ணனுக்கும் தெரியல போல, "வரி கட்டவா வந்திய? கவுண்டர் அந்தப் பக்கமாக்கும்"னாரு. கூட்டம் பாக்கன்னு சொன்னதும் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, நீங்க பத்திரிகையான்னு கேட்டாரு. இல்லண்ணே வரி கட்டுறவன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். ஆனா ப்ரீன்னு சொல்லவும் முடியாது, 2023 ஜூலைல இருந்து பேரூராட்சி கவுன்சிலருக்கு மாசம் 2,500 ரூபா, தலைவருக்கு 10,000 மதிப்பூதியம் போகுது, அது போக கூட்டத்துக்கு அமர்வுப்படி, அதெல்லாம் ஊர்க்காசுதானே. அந்தக் காசுக்கு என்ன சரக்கு கிடைக்குதுன்னு பாக்கத்தான் போனது.

இன்னொண்ணு, தமிழ்நாட்டுல பேரூராட்சி அதிகம் உள்ள மாவட்டம் நம்மளுதாக்கும். 2022 பிப்ரவரில ஓட்டு போட்டப்ப மாநிலம் முழுக்க 490, அதுல 51 குமரிலதான். அதாவது ரோடு, குப்பை, தண்ணி, தெருவிளக்குன்னு நம்ம தினசரி வாழ்க்கைல முக்காவாசிய முடிவு பண்ற இடம் நாகர்கோவிலும் இல்ல சென்னையும் இல்ல, இந்த ஃபேன் கிறுகிறுன்னு சத்தம் போடுற ஹாலுதான்.

சரி விஷயத்துக்கு வாறேன். அன்னைக்கு அஜெண்டால பெரிய பொருள் குப்பை. தினமும் வீடு வீடா வந்து எடுக்கிறத மாத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கணும், வேலைய மொத்தமா காண்ட்ராக்ட்டுக்கு குடுக்கணும், வீட்டுக்கு மாசாமாசம் ஒரு கட்டணம் வாங்கணும். இந்த மூணையும் ஒரே தீர்மானத்துல முடிச்சு போட்டு வச்சிருந்தாங்க. இ.ஓ., அதாவது செயல் அலுவலர், எந்திரிச்சு படிச்சாரு பாருங்க, மூச்சு விடாம ஒரே வாக்கியம், "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது"ன்னு முடிக்கிறதுக்குள்ள பாதி கவுன்சிலருங்க வாட்ஸப்புக்கு போயிட்டாங்க. மைக் இருக்கு, யாரும் எடுக்கல, கடைசி வரிசையில உக்காந்தா இ.ஓ. உதட்ட பாத்துதான் புரிஞ்சுக்கணும். சவுண்டுக்கு ஒரு ஸ்டார் அங்கேயே போச்சு.

இதுவும் எல்லாரும் சொல்ற மாதிரி "ஒருமனதாக நிறைவேறியது" கேஸ்தான்னு நினைச்சேன். அப்ப மூணாவது வரிசைல இருந்து ஒரு கவுன்சிலர் அக்கா எந்திரிச்சாங்க, கையில பிள்ளைங்க ஸ்கூலுக்கு கொண்டு போற கோடு போட்ட நோட்டு. அதுல அவங்க வார்டுல வண்டி போற பாதைய பேனாவுல வரைஞ்சு வச்சிருந்தாங்க, எந்த முக்குல பேட்டரி வண்டி திரும்பும், எந்த ஏத்தத்துல ஏறாது, எந்த விளைக்கு, அதான் தோப்புக்கு, நடந்துதான் போகணும்னு எல்லாம். நம்ம ஊரு அமைப்பு தெரியும்ல, மத்த மாவட்டம் மாதிரி தெருவுல ஒட்டி ஒட்டி வீடு கிடையாது, ஒவ்வொரு வீடும் அதது விளைக்குள்ள, நடுவுல ரப்பர், தென்னை, ஒரு ஆள் போற நடபாதை. "இ.ஓ. சார், காண்ட்ராக்ட்காரன் வண்டி போற வீட்டுக்கு மட்டும் வருவானா, இல்ல நடந்து போற வீட்டுக்கும் வருவானா, டெண்டர்ல எந்த வரில இருக்கு காட்டுங்க"ன்னாங்க. இ.ஓ. பேப்பர புரட்டுறாரு புரட்டுறாரு. அந்த வரி இல்ல.

விட்டாங்களா? இல்ல. "காசு எடைக்கா, வீட்டுக்கா?"ன்னு அடுத்தது. இது சாதாரண கேள்வி இல்ல மக்கா. எடைக்கு காசுன்னு எழுதிட்டா, மக்குறது மக்காதது எல்லாத்தையும் சேத்து அள்ளினாதான் காண்ட்ராக்ட்காரனுக்கு லாபம், மழைக்காலத்துல ஈரமும் மண்ணும் கூட காசாயிரும். 2016 திடக்கழிவு விதிலயே வீட்டுல மூணா பிரிச்சு குடுக்கணும்னு இருந்துது, நாம பிரிச்சு குடுத்ததையெல்லாம் அவன் ஒரே வண்டில கொட்டினா குப்பைய தரம் பிரிக்கிற வளம் மீட்பு பூங்கால போய் என்னத்த மீட்க. இந்த ஒரு கேள்விக்கே 2,500 ரூபா சரியா போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் வந்தாரு பாருங்க ஒரு பெரியவர், கட்சி எதுவா இருந்தா நமக்கென்ன, அவரு கேட்ட கேள்விதான் ஹைலைட். "ஒருநாள் விட்டு ஒருநாள்னா, நம்ம ஊருல மீன் வாங்காத வீடு எது? சாளைத் தலைய ரெண்டு நாளு எங்க வைக்க, எனக்க தலையிலயா?" ஹால் மொத்தமும் சிரிச்சிட்டு, தலைவரும் சிரிச்சிட்டாரு, ஆனா சிரிப்பு அடங்கினதும் யாருகிட்டயும் பதில் இல்ல. அத வெளிய வச்சா நாய், உள்ள வச்சா நாத்தம், கவர்ல கட்டி தூக்கி எறிஞ்சா சானல்ல, அதான் கால்வாய்ல. நம்ம பக்கம் ஜூன்லயும் மழை, ஐப்பசிலயும் மழை, ஓடைல அடைச்சு நிக்கிற கவரெல்லாம் எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறிய?

அதே மூச்சுல இன்னொரு கவுன்சிலர் கட்டணத்த புடிச்சாரு. தோப்பு உள்ள வீட்டுல மக்குற குப்பை வெளிய வாறதே இல்ல, எல்லாம் தென்னை மூட்டுக்கு போயிரும், அவங்களுக்கும் ரெண்டு சென்ட்ல வீடு வச்சவனுக்கும் ஒரே கட்டணமான்னு. நியாயமான பாயின்ட். ஒருத்தர் கேரளாவ இழுத்தாரு, பாறசாலைல எங்க அக்கா வீட்டுக்கு ஹரித கர்ம சேனைப் பெண்ணுங்க வந்து மாசம் 50 ரூபா வாங்கிட்டு கழுவி காய வச்ச பிளாஸ்டிக்க எடுத்துட்டு போறாங்க, அது குடும்பஸ்ரீன்னு அங்க உள்ள மகளிர் குழு ஆளுங்க, காண்ட்ராக்ட் இல்ல, நம்ம மகளிர் குழுவுக்கு குடுத்தா என்னன்னு. அதுக்கு பின்னாடி இருந்து யாரோ "அங்க உள்ள குப்பை லாரி ராத்திரி களியக்காவிளை தாண்டி இங்க வாறத முதல்ல நிறுத்தச் சொல்லுங்க"ன்னு ஒரு குரல். ரெண்டும் உண்மைதான், ஒண்ணு இன்னொண்ண பொய்யாக்காது, ஆனா கூட்டத்துல அந்தக் குரலுக்குதான் கைதட்டு விழுந்துது. இப்ப உள்ள தூய்மைப் பணியாளர்களுக்கு காண்ட்ராக்ட் வந்தா பி.எஃப்., இ.எஸ்.ஐ. யாரு கட்டுவான்னு ஒரே ஒருத்தர் கேட்டாரு, அதுவும் சத்தம் இல்லாம. மினிட்ல, அதான் கூட்டக் குறிப்புல, ஏறிச்சான்னு பாத்தாதான் தெரியும்.

கடைசில தீர்மானம் ஒத்திவைப்பு. வண்டி பாதை, மீன் கழிவு, எடையா வீடான்னு எல்லாம் எழுதி மறுபடி கொண்டு வரணும்னு முடிவு. இந்தப் பொருளுக்கு வெளிநடப்பும் இல்ல, நாற்காலியும் பறக்கல, அதனால எந்த சேனல்லயும் வராது.

தண்ணி விஷயம் சீக்கிரம் முடிஞ்சுது, ஆனா அதுலயும் ஒரு நல்ல இடம் இருந்துது. மேட்டு வார்டுகளுக்கு காலைல பத்து மணிக்கு தண்ணி விடுறதா நேரத்த மாத்த போறோம்னு வச்சாங்க, மோட்டார் லோடு குறையும்னு காரணம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடின்னு அணை ரெண்டையும் கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கிட்டு நாம குடத்தோட நிக்கிறது தனிக்கதை, அத விடுங்க. ஒரு இளவயசு கவுன்சிலர், "பத்து மணிக்கு எங்க வார்டுல பாதிப் பொம்பளைங்க அண்டி ஆபீஸ்ல இருப்பாங்க, தண்ணிய யாரு புடிப்பா, பூனையா?"ன்னாங்க. அண்டி ஆபீஸ்னா முந்திரிப் பருப்பு கம்பெனி. அவங்க வீட்டுக்காரரு பின்னால பெஞ்சுல உக்காந்து அப்பப்ப இருமி சிக்னல் குடுத்துக்கிட்டே இருந்தாரு, அவங்க திரும்பியே பாக்கல. 50 சதவீத இடஒதுக்கீடுன்னு சட்டத்துல எழுதினதுக்கு இப்படி நாலு பேரு கிடைச்சாலே போதும். நேரம் காலைல வெள்ளனயே விடுறதா மாறிச்சு, தீர்மானம் திருத்தத்தோட பாஸ்.

சந்தை ஏலம், எல்.இ.டி. பல்பு, கல்வெர்ட் பாலம் எல்லாம் கடகடன்னு ஓடிச்சு. ஒரு கவுன்சிலர் எந்தப் பொருள் வந்தாலும் எங்க வார்டு தெருவிளக்குன்னு ஆரம்பிச்சாரு, மீன் சந்தை வந்தாலும் தெருவிளக்கு, மயானம் வந்தாலும் தெருவிளக்கு. சொத்து வரி வந்தப்ப மட்டும் திடீர்னு ஹால் சூடாச்சு. 2022ல ஏத்தினது போதாதா, இப்ப வருஷாவருஷம் 6 சதவீதமான்னு ரெண்டு பேரு கத்திட்டு வெளிநடப்பு, சாயாவும் வடையும் வந்ததும் உள்நடப்பு. அரசு உத்தரவு சென்னைல இருந்து வருது, இங்க கத்தி அது மாறாதுன்னு கத்தினவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இதுலதான் எனக்கு எரிச்சல். மாத்த முடியாத விஷயத்துக்கு தொண்டை கிழியுது, மாத்த முடியுற விஷயத்துக்கு நோட்டோட வந்தது ஒரே ஒரு அக்கா.

மைனஸ் இன்னும் இருக்கு. அஜெண்டா முந்தின நாளு ராத்திரிதான் கையில கிடைச்சுதுன்னு மூணு பேரு சொன்னாங்க, அப்படின்னா டெண்டர எப்ப படிக்க? பொதுமக்களுக்கு ஒரு காப்பி நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம், ஒட்டல. கையெழுத்து போட்டுட்டு கல்யாணத்துக்கு போனவரும் உண்டு. பார்வையாளர் பக்கம் என்னையும் இருமல் அண்ணனையும் தவிர யாரும் இல்ல.

ஆனாலும் 3.5 எதுக்கு போடுறேன்னா, பக்கத்து கிராம பஞ்சாயத்துல இருக்கிற என் மச்சான்கிட்ட இத சொன்னப்ப அவன் சொன்னது, "உங்களுக்கு கேக்கவாவது ஆளு இருக்குடே." அங்க 2025 ஜனவரியோட மெம்பருங்க பதவிக்காலம் முடிஞ்சு எல்லாம் தனி அலுவலர் கையில போச்சு. அங்க குப்பை வண்டி நேரத்த மாத்தினா சாளைத் தலை கேள்விய கேக்க ஒரு ஆள் கிடையாது.

போறவங்களுக்கு: குப்பைத் தீர்மானம் அடுத்த கூட்டத்துல திரும்ப வருது, தேதிய ஆபீஸ்ல போன் பண்ணி கேட்டா சொல்றாங்க, உங்க கவுன்சிலர்கிட்ட அஜெண்டா காப்பிய வாட்ஸப்புல அனுப்பச் சொல்லுங்க. ரெண்டாவது வரிசை சன்னல் பக்கம் உக்காருங்க, அங்க இருந்தாதான் இ.ஓ. பேசுறது கேக்கும். வடை பார்வையாளருக்கும் குடுக்கிறாங்க, ரசவடைதான், கொள்ளாம்.