லேப் ஸ்டீல் பழக ஓப்பன் டி-யா, ஓப்பன் ஜி-யா, சி6-ஆ?

மடியில் படுக்க வைத்து, இடக்கையில் பிடித்த ஸ்டீல் பாரைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் கிட்டார்தான் லேப் ஸ்டீல். பழைய ஆட்கள் ஹவாயன் கிட்டார் என்பார்கள். சாதாரண கிட்டாரில் நான்கு விரல்கள் நான்கு இடத்தில் அழுத்திக் கார்டு, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடிக்கும். இங்கே கையில் இருப்பது நேரான ஒரே ஒரு பார். ஆகவே கார்டு ட்யூனிங்கிலேயே, அதாவது கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் முறையிலேயே, இருந்தாக வேண்டும். முதலில் ட்யூனிங், அப்புறம்தான் கம்பி. பலர் கிடைத்த கம்பியை மாட்டிவிட்டு ட்யூனிங் தேடுகிறார்கள், பாதித் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

ஓப்பன் டி என்பது தடித்த கம்பியிலிருந்து டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி. நம் கணக்கில் ச-ப-ச-க-ப-ச, காந்தாரம் அந்தரம். இதன் பெரிய வசதி, சாதாரண கிட்டார் ட்யூனிங்கான இ-ஏ-டி-ஜி-பி-இ-யிலிருந்து எந்தக் கம்பியையும் மேலே முறுக்க வேண்டாம். (மெல்லியது முதல் கம்பி, தடித்தது ஆறாவது.) ஐந்தாவதும் நான்காவதும் அப்படியே இருக்கும், மற்ற நான்கும் இறங்கும். பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றில் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) மேல் உயரமான உலோகத் துண்டைப் பொருத்திப் பழக நினைப்பவருக்கு, கழுத்து வளையுமோ என்ற பயமே வேண்டாம். கடையில் கிடைக்கும் 13-56 செட் போதும் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், மெல்லியதிலிருந்து தடித்தது வரை). இதையே ஒரு முழு சுரம் ஏற்றினால் ஓப்பன் இ. மூன்று கம்பிகளை மேலே முறுக்க வேண்டும் என்பதால் அக்கூஸ்டிக்கில் அது வேண்டாம் என்பேன்.

கர்நாடக சங்கீதம், சினிமாப் பாட்டு வாசிக்கவும் எனக்கு டி-தான் பிடிக்கும். கீழே ச-ப-ச சுருதி தானாக ஒலிக்கும், கோட்டுவாத்தியத்தின் தந்திகளைச் சட்ஜ பஞ்சமத்துக்குச் சேர்ப்பது போல. கரகரப்பிரியா மாதிரி சாதாரண காந்தாரம் வரும் ராகங்களில் அந்த எஃப் ஷார்ப் கம்பி உறுத்தும். அதை எஃப்-க்கு அரை சுரம் இறக்கினால் சரியாகிவிடும்.

ஓப்பன் ஜி-யில் இரண்டு வகை. அமெரிக்க நாட்டுப்புற வகையான ப்ளூகிராஸ் இசையில் டோப்ரோ (உலோகத் தட்டால் ஒலி பெருக்கும் கிட்டார்) வாசிப்பவர்களுடையது ஜி-பி-டி-ஜி-பி-டி, அதாவது ச-க-ப-ச-க-ப. 1955-இல் ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ் முதல் ஜெர்ரி டக்ளஸ் வரை இந்த வழிதான். மேல் மூன்று கம்பிகளில் கற்ற வரி அப்படியே கீழ் மூன்றிலும் ஒரு ஸ்தாயி கீழே கிடைக்கும் என்பதால் சீக்கிரம் கை ஓடும். ஆனால் சாதாரண செட்டில் இதைச் செய்யாதீர்கள். ஆறாவது கம்பி இ-யிலிருந்து ஜி-க்கு மூன்று அரை சுரம் ஏறும். இழுவிசை சுருதியின் வர்க்கத்தில் கூடுவதால் அந்தக் கம்பியில் மட்டும் 41 சதவீதம் அதிகமாகும். இதற்கென்றே விற்கும் 16-56 டோப்ரோ செட் வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் ஹவாய் ஸ்லாக்-கீ கிட்டார்காரர்களின் டி-ஜி-டி-ஜி-பி-டி இன்னொரு வகை. மூன்று கம்பிகளை இறக்கினால் முடிந்தது.

சி6 வேறு உலகம். சி-இ-ஜி-ஏ-சி-இ, அதாவது ச-க-ப-த-ச-க. ரி மட்டும் சேர்ந்தால் மோகனம்! ஹவாய் இசையின் இனிப்பும், பழைய கண்ட்ரி, ஸ்விங் இசையின் சாயலும் இதில்தான் இயல்பாக வரும். ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்ட் இதைப் பரவலாக்கியவர். கீழ் மூன்று கம்பிகளில் சி மேஜர், மேல் மூன்றில் ஏ மைனர், பாரைச் சாய்க்காமலே. டி-யில் மைனருக்கு காந்தாரக் கம்பியைத் தொடாமல் ஒப்பேற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஆறையும் சேர்த்து மீட்டினால் அந்த தைவதம் எப்போதும் கூடவே வரும். எந்தக் கம்பியை மீட்டுவது, எதை உள்ளங்கையால் அடக்குவது என்ற ஒழுக்கம் முதல் நாளிலிருந்தே தேவை. ஆறாவது கம்பியே சாதாரண கிட்டாரின் ஆறாவதைவிட எட்டு அரை சுரம் மேலே நிற்பதால் ப்ளூஸ் வாசிக்க அடிநாதம் போதாது. கிட்டார் செட் எதுவும் இதற்குச் சரிப்படாது. தனிக் கம்பிகளாக 15, 18, 22, 26, 30, 36 வாங்கலாம். முதல் மூன்றும் சுற்றில்லாதவை, மற்றவை சுற்றியவை.

ஏன் இந்தக் கனம்? பல லேப் ஸ்டீல்களில் நட்டிலிருந்து மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 22.5 அங்குலம்தான், சாதாரண எலெக்ட்ரிக்கில் பெரும்பாலும் 25.5. நீளம் குறைந்தால் கம்பி தளரும். எலெக்ட்ரிக் கிட்டாரின் 10 கம்பியை இதில் மாட்டி டி-க்குச் சேர்த்தால் இழுவிசை சுமார் 4.5 கிலோதான். கனமான பார் அதை அமுக்கிவிடும், சுருதி ஏறும். அதே இடத்தில் 16 கம்பி என்றால் 11.6 கிலோ, பார் வழுக்கிக்கொண்டு போகும். மேலே சொன்ன சி6 கம்பிகள் ஆறும் ஏறக்குறைய 10 முதல் 13 கிலோவுக்குள் நிற்கின்றன. கை ஒரே சீராக உணர்வது அதனால்தான்.

ஓப்பன் டி-க்கு 13-56 செட்டை நீளமான கிட்டாரில் அப்படியே மாட்டலாம். 22.5 அங்குல லேப் ஸ்டீல் என்றால் முதல் இரண்டையும் 16, 20 என்று மாற்றிவிடுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தம்) உள்ள கருவிக்கு வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் கம்பி வேண்டாம், காந்தத்தில் அது மங்கலாகத்தான் கேட்கும். நிக்கல் சுற்றிய 13-56, ஜாஸ் மீடியம் என்ற பெயரில் வருவது, கேட்டு வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு ஓப்பன் டி. ஹவாய் இசைதான் இழுக்கிறது என்பவர் மட்டும் நேராக சி6-க்குப் போகலாம், டி-யில் பழகிவிட்டு வருவது வீண் சுற்று. டி-யிலிருந்து டி-ஜி-டி-ஜி-பி-டி-க்கு அதே கம்பிகளில் போய் வரலாம், மூன்று சாவிகளைத் திருகினால் ஆயிற்று. டி-க்கும் சி6-க்கும் நடுவே அது நடக்காது, செட்டையே கழற்ற வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ரிங்மாஸ்டர் ஸ்டீல் கிட்டாரை இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளோடு விற்றது இதற்காகத்தான். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு ட்யூனிங், அதற்கேற்ற கம்பிகள்.