வீடு வீடாகச் செல்லும் தாதிக்கு எந்த டிராலி பை?

500 மில்லி சலைன் இரண்டு, கட்டுத் துணிப் பொட்டலங்கள், கையுறைப் பெட்டி, ரத்த அழுத்தக் கருவி, குளுக்கோமீட்டர், சிறுநீர்க் குழாய் செட், பயன்படுத்திய ஊசிகளுக்கான டப்பா. பையோடு சேர்த்து நிறுத்தால் ஏழெட்டுக் கிலோ சாதாரணமாக வந்துவிடும். பை வாங்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர், எத்தனை பாக்கெட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் போய் வருபவர் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தை. அடுத்து, துடைத்தால் சுத்தமாகுமா என்பதை.

நான்கு சக்கர கேபின் பெட்டி வழவழப்பான தரையில் விரல் பட்டாலே ஓடும். ஆனால் சக்கரங்கள் பெரும்பாலும் 5 செ.மீ. அளவுதான். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வடிகால் கம்பி மூடியிலும், பார்வையற்றோருக்கான மேடிட்ட கற்களிலும் அவை சிக்கித் தடுமாறும். பேருந்து பிரேக் போட்டால் பெட்டி தனியே கிளம்பிவிடும். அதைவிடத் தொல்லை திறப்பதில்தான். இரண்டாக விரியும் பெட்டிக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இடம் கிடைக்காது. தரையில் பரப்பினால் சுத்தமான பொருளெல்லாம் தரைமட்டத்துக்கு வந்துவிடும். பெட்டியின் கெட்டியான மேற்பரப்பை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைப்பது எளிது, அதில் மட்டும் இதை மிஞ்ச ஆளில்லை.

நிமிர்ந்து நிற்கும் இரண்டு சக்கரப் பைதான் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். மேலிருந்தோ முன்பக்கமிருந்தோ திறப்பதாக, சக்கரம் 8 செ.மீ.க்குக் குறையாததாக இருக்கட்டும். சாய்த்து இழுக்கும்போது எடையில் ஒரு பங்கு கைக்கு வரும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். துணி விஷயத்தில் கவனம் தேவை. சாதாரண பாலியெஸ்டரில் ரத்தமோ சீழோ ஊறினால் மேலே துடைத்துப் பயனில்லை. பிவிசி பூசிய தார்ப்பாலின் வகை நல்லது. மழையில் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும்தான், அதனால் ஜிப்பின் மேல் மடிப்பு மூடி இருக்கிறதா பாருங்கள்.

சக்கரத்தைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், நம் ஈரக் காற்றில், பையை இழுக்காமல் மூலையில் வைத்திருந்தாலும், சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரக்கூடும். ஆகவே ரிவெட் அடித்த சக்கரம் வேண்டாம். போல்ட்டில் மாட்டியது என்றால் கழற்றி மாற்றலாம். சறுக்குக் காலணிச் சக்கரங்களில் இருக்கும் 608 எண் பேரிங் அதில் இருந்தால், மாற்றுப் பேரிங்கும் எளிதாகக் கிடைக்கும்.

ஈரச்சந்தைக்கு இழுத்துப் போகும் மடக்கு டிராலியை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்கு 2 லிட்டர் திரவப் பை நான்கை நகர்த்தினாலே எட்டுக் கிலோவுக்கு மேல். அதற்கு இதன் பெரிய சக்கரம்தான் சரி. மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காத பழைய புளோக்குகள் இன்னும் சில உண்டு. அங்கே பக்கத்துக்கு மூன்று சக்கரம் சேர்ந்து சுழலும் வகை படி ஏற உதவும். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் அதிரும் என்பதால் கண்ணாடிக் குப்பிகளைக் கையில் எடுத்துக்கொள்வதே மேல். உள்ளே ஒரே குழி என்பதும் குறை. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கிச் சமாளிக்கலாம்.

சக்கரம் வைத்த முதுகுப்பை வேண்டாம். தெருவில் உருண்ட சக்கரம் சீருடையில் உரசும். சட்டமும் கைப்பிடியுமே எடையைக் கூட்டிவிடும்.

எந்தப் பையானாலும் சலைன் அடியில், சக்கரத்தை ஒட்டி. கை சுத்திகரிப்பான் வெளிப் பாக்கெட்டில். ஊசி டப்பா நிமிர்ந்து நிற்க வேண்டும், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும்.

காலிப் பையைக் கடையில் இழுத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல் ஐந்தை உள்ளே வைத்து, கைப்பிடியை முழுதாக நீட்டி, ஒரு படி ஏற்றிப் பாருங்கள். கைப்பிடி வளைந்தாலோ ஆடினாலோ அடுத்த பையைக் கேளுங்கள். வாசலிலிருந்து வாசலுக்குக் காரிலேயே போகிறவர் மட்டும் நான்கு சக்கரப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம்.