மில்லிமீட்டரா, அங்குலமா: மரை வெட்டுபவர் எதை வைத்துக்கொள்வது?

சாலையில் மைல் போய் கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் கோலாலம்பூரில் செந்தூல் பக்கத்துப் பட்டறையில் அரை அங்குல போல்ட் கேட்டால், "எந்த அரை அங்குலம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய பிரிட்டிஷ் மரை முறையான விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க முறையான யூஎன்சியில் 13. கால், 5/16, 3/8 அங்குலங்களில் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் மரைக் கோணம் விட்வொர்த்துக்கு 55 டிகிரி, யூஎன்சிக்கு 60. நட் ஏறிவிடும், பிடிப்புதான் சரியாக இருக்காது.

புது வேலைக்கு என் ஓட்டு மில்லிமீட்டருக்கே. முக்கியக் காரணம், மரை வெட்டும் முன் போடும் துளையின் கணக்கு. விட்டத்தில் பிட்ச்சை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை, கழித்தால் டிரில் அளவு வந்துவிடும். எம்6க்கு (6 மி.மீ. விட்டம்) 5, எம்10க்கு 8.5, எம்8க்கு 6.75 (கையில் இருப்பது 6.8). அட்டவணையே வேண்டாம். அரை அங்குல யூஎன்சிக்கு 27/64 டிரில், கால் அங்குலத்துக்கு 7ஆம் நம்பர் டிரில். இதையெல்லாம் யார் மனப்பாடம் செய்வது?

அதற்காக மெட்ரிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. எம்10இன் வழக்கமான பிட்ச் 1.5, ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 1.25. பிட்ச் கேஜ் வைத்து அளந்து பார்க்காமல், துளைக்குள் மரை வெட்டும் டேப்பை எடுக்காதீர்கள்.

அலுமினியத்தில் மரை கெடுவது பெரும்பாலும் மெட்ரிக்கும் அங்குலமும் உரசும் இடத்தில்தான். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; பார்வைக்கு எம்8 மாதிரியே இருக்கும். ஆனால் யூஎன்சி பிட்ச் 1.41, எம்8க்கு 1.25. ஒன்றிரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போச்சு. தலையும் ஏமாற்றும்: 5/16 போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7. 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் கொஞ்சம் ஆடிக்கொண்டு உட்காரும், மெல்ல மூலையைத் தின்னும்.

லேத்தில் வேறு தொல்லை. மெட்ரிக் லீட்ஸ்க்ரூ (வெட்டும் உளியை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் அங்குல மரை துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அப்படி வெட்டும்போது லீட்ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும். பத்து உருப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், நூறு என்றால் போல்ட்டின் மேல் மரை வெட்டும் டை வாங்குவதே மேல்.

குழாய் வேலையில் மட்டும் மெட்ரிக்குக்கு இங்கே இடமே இல்லை. வீட்டுக் குழாயெல்லாம் பிரிட்டிஷ் குழாய் மரையான பிஎஸ்பி. அரை அங்குல பிஎஸ்பியின் வெளிவிட்டத்தை அளந்தால் 21 மி.மீ. அருகில் வரும், புதுப் பையன்கள் முதலில் குழம்புவது இதில்தான். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்பவர்களுக்கு அமெரிக்க இயந்திரங்களின் குழாய் மரையான என்பிடியும் வந்து சேரும். அரை அங்குலத்தில் இரண்டுக்குமே 14 மரை, கோணம்தான் வேறு. வெள்ளை நாடா சுற்றினால் தண்ணீர் நிற்கலாம், கம்பிரஷர் காற்று நிற்காது.

பட்டறை தொடங்குபவர் மெட்ரிக் டேப் செட்டை முழுசாக வாங்கட்டும். பிஎஸ்பியில் கால், அரை, முக்கால் போதும். யூஎன்சியை வாடிக்கையாளரைப் பார்த்து வாங்கலாம். விட்வொர்த்தைப் பழைய இயந்திரம் ஏதாவது வாசலுக்கு வந்த பிறகு தேடினால் போதும்.