நாவலா, சூப்பர்ஹீரோ காமிக்ஸா? அண்மையில் படித்ததை ஜோடி போட்டுப் பார்த்தால்

கொஞ்ச காலமாக ஒரு நாவல், அப்புறம் ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்று மாற்றி மாற்றிப் படித்து வருகிறேன். முதலில் எந்தத் திட்டமும் இல்லை. கசுவோ இஷிகுரோவின் ‘க்ளாரா அண்ட் த சன்’ நாவலையும் ‘தி விஷன்’ காமிக்ஸையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் இரண்டும் ஒரே கேள்வியைக் கையில் எடுத்திருப்பது தெரிந்தது. அதிலிருந்து வேண்டுமென்றே ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். சில கதைகளின் முடிவைச் சொல்லாமல் பேச முடியாது, படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல காமிக்ஸ் ஒன்று வந்தால் ‘நாவல் மாதிரியே இருக்கிறது’ என்று பாராட்டும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. நான் ரசித்த காமிக்ஸ் எல்லாம் நாவலால் முடியாத ஒன்றைச் செய்த இடத்தில்தான் என்னை உலுக்கின. ஒரே பார்வையில் பல நேரங்களையும் பல முகங்களையும் காட்டும் பக்கம் காமிக்ஸிடம் இருக்கிறது, நாவல்கள் அதற்கு ஏங்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பதிலுக்கு, நடந்தது நடந்ததாகவே நிற்கும் முடிவு நாவலிடம் இருக்கிறது, சூப்பர்ஹீரோ காமிக்ஸ் அதற்கு ஏங்குகிறது.

முதல் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். க்ளாரா வெயிலில் சக்தி பெறும் ஒரு செயற்கைத் தோழி. நோயாளிச் சிறுமி ஜோசிக்குத் துணையாக வாங்கப்படுகிறாள். கதையைச் சொல்வதும் அவளே. ஜோசி இறந்துபோனால் அவள் இடத்தில் க்ளாராவை வைத்துக்கொள்ளலாம் என்று தாய் யோசிக்கிறாள் என்பது நமக்கு மெல்ல மெல்லத்தான் புரிகிறது. 2021இல் வந்த நாவல் இது. ‘தி விஷன்’ 2015, 2016 ஆண்டுகளில் 12 இதழ்களாக வந்தது, எழுதியவர் டாம் கிங், வரைந்தவர் கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்ட்டா. அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ குழுவைச் சேர்ந்த செயற்கை மனிதன் விஷன் தனக்கென ஒரு மனைவியையும் இரட்டைப் பிள்ளைகளையும் தானே உருவாக்கிக்கொண்டு, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில் வீடு எடுத்துச் சாதாரணக் குடும்பமாக வாழப் பார்க்கிறான். முதல் இதழிலேயே வில்லன் ஒருவன் வீடு புகுந்து பிள்ளைகளைத் தாக்க, மனைவி வர்ஜீனியா அவனை அடித்தே கொன்றுவிடுகிறாள். உடலைப் புதைத்துவிட்டுக் கணவனிடம் மறைக்கிறாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று என்று கதை போகிறது.

இஷிகுரோவின் நாவலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது க்ளாராவின் பார்வை. கண்முன் நடப்பது சட்டென்று பிடிபடாதபோது அவளுக்கு உலகம் பெட்டி பெட்டியாகப் பிரிந்து தெரிகிறது. தாயின் முகம் ஒரே நேரத்தில் பல பெட்டிகளில் தெரிய, ஒன்றில் கண்கள் குரூரமாகச் சிரிக்கின்றன, அடுத்ததில் துயரம் நிறைந்திருக்கிறது. அந்த இடத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான், இது காமிக்ஸ் பக்கம். படம் போட முடியாத ஒரு வடிவம், வெறும் வார்த்தையை வைத்துக் கட்டங்களைக் கட்டிப் பார்க்கிறது. அற்புதமாகவும் கட்டியிருக்கிறார், ஆனால் நாம் அந்தப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

விஷனில் அந்தச் சிரமம் இல்லை. அதனால் அது வேறொரு ஆட்டம் ஆடுகிறது. படத்தில் புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தம்பதி வந்திருக்கிறார்கள், எல்லாரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். மேலே உள்ள கதைசொல்லியின் பெட்டியோ, விஷன் குடும்பத்தில் ஒருவர் பின்னால் அந்தத் தம்பதியின் வீட்டுக்குத் தீ வைப்பார், இருவரும் அதில் சாவார்கள் என்று அலட்டாமல் சொல்லிவிடுகிறது. கண்ணுக்குச் சிரித்த முகங்கள், காதுக்குச் சாவுச் செய்தி, இரண்டும் ஒரே கட்டத்தில். நாவலில் இதைச் செய்தால் ஒரு வாக்கியம் முடிந்துதான் அடுத்தது வரும், இங்கே இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. அந்தக் குடும்பம் ‘இயல்பாக’ இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவு பயம் ஏறுகிறது.

ஆக, பயம் என்று வந்தால் விஷன்தான். பாசம் என்று வந்தால் க்ளாரா, அதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. சூரியன் தினமும் மாலையில் போய் ஓய்வெடுப்பதாக அவள் நம்பும் அந்தக் களஞ்சியத்துக்கு நடந்து போய், ஜோசியைக் குணமாக்கினால் புகை கக்கும் இயந்திரம் ஒன்றை நான் அழித்துவிடுகிறேன் என்று சூரியனோடு பேரம் பேசுகிறாளே, அந்த நம்பிக்கைக்கு உள்ளிருந்து வரும் ஒரே குரல் வேண்டும். வெளியே நின்று பார்த்தால் அது பேதைமையாகத் தெரியும். அவள் குரலுக்குள் உட்கார்ந்து கேட்பதால்தான் அது பிரார்த்தனையாகிறது. விஷன் குடும்பத்தில் யாரையும் நான் அந்த அளவுக்கு உள்ளேயிருந்து அறியவில்லை. வெளியிலிருந்து பார்த்துப் பதறினேன், அவ்வளவுதான்.

காலத்தைப் பற்றிய ஜோடி இன்னும் சுவாரசியம். கர்ட் வோனகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ 1969இல் வந்தது. வோனகட் இரண்டாம் உலகப்போரில் போர்க்கைதியாக ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருந்தவர், 1945 பிப்ரவரியில் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஓர் இறைச்சிக்கூடத்தின் நிலவறையில் இருந்ததால் பிழைத்தவர். நாவலின் நாயகன் பில்லி பில்க்ரிம் காலத்தின் கட்டு அவிழ்ந்து, தன் வாழ்க்கையின் எந்த நிமிடத்துக்கும் தூக்கி எறியப்படுகிறான். அவனைக் கடத்திப்போகும் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் புத்தகங்கள் உண்டு. குறியீடுகளின் கொத்துகள்தான் அந்தப் புத்தகங்கள், எல்லாவற்றையும் அவர்கள் வரிசைப்படி அல்லாமல் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். எல்லாத் தருணங்களையும் ஒரே பார்வையில் காண்பதுதான் அவர்களுக்கு அழகு.

அப்படி ஒரு புத்தகத்தை ஏறக்குறைய நிஜமாகவே கையில் கொடுப்பது ‘வாட்ச்மென்’ தொடரின் நான்காவது இதழ். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த தொடர், 1986, 1987இல் 12 இதழ்கள். விபத்தில் சிதைந்து கடவுள் போன்ற சக்தியோடு திரும்பி வந்த டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய் கிரகத்தில் ஒரு பழைய புகைப்படத்தைக் கையில் வைத்திருக்கிறார். அந்தப் புகைப்படம் எடுத்த 1959, அவருடைய தந்தை ஹிரோஷிமா செய்தி கேட்டுக் கடிகாரப் பற்சக்கரங்களை வெளியே கொட்டிய 1945, இப்போதைய 1985, எல்லாமே அவருக்கு இந்த நிமிடம்தான். ஒன்பது கட்டப் பக்கத்தில் இவை அருகருகே இருக்கின்றன. படத்தைக் கீழே போடப்போகிறேன் என்பார், போட்டு முடித்த காட்சியும் பக்கத்திலேயே இருக்கும், நம் கண் விருப்பம்போல முன்னேயும் பின்னேயும் போய்வரும். மன்ஹாட்டன் காலத்தை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் நாமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம். இதை விளக்கிச் சொல்லும் தேவையே அந்த வடிவத்துக்கு இல்லை. அடுத்த இதழின் பக்க அமைப்பு கண்ணாடிப் பிம்பம்போல முன்பாதியும் பின்பாதியும் பொருந்தி வரும், அதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் துறையில் வாட்ச்மெனை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இறந்தவர்கள்? அங்கே வோனகட் பக்கம் போய்விடுவேன். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ‘சோ இட் கோஸ்’ என்று மூன்றே சொல் கொண்ட ஒரே வாக்கியத்தை அவர் எழுதுகிறார், நாவல் முழுக்க நூறு முறைக்கு மேல். மனிதன் செத்தாலும் அதே, பேன் செத்தாலும் அதே. முதலில் எரிச்சலாக இருக்கும், பாதிக்கு மேல் வயிற்றைப் பிசையும். அந்தத் தேய்மானம் வாக்கியத்தால் மட்டுமே ஆகக்கூடியது. ஒரே படத்தை நூறு முறை போட்டால் கண் தாண்டிப் போய்விடும், வாக்கியத்தை மனம் ஒவ்வொரு முறையும் உச்சரித்தே தீர வேண்டும். மன்ஹாட்டனுக்குத் துக்கமே மரத்துப்போய்விட்டது, பில்லிக்கும் அப்படித்தான் என்று சொல்லலாம், ஆனால் பில்லிக்குப் பின்னால் வோனகட் நிற்கிறார், அவருக்கு மரத்துப்போகவில்லை.

நாய்களின் ஜோடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் எழுதிய ‘ஃப்ளஷ்’, கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் வளர்த்த நாயின் வாழ்க்கை வரலாறு. வாசனைக்கு நம்மிடம் சொற்களே இல்லை, பெருங்கவிஞர்களின் மூக்குக்கே ஒரு பக்கம் ரோஜா, மறுபக்கம் சாணம் என்பதற்கு மேல் தெரியாது என்று அதில் வுல்ஃப் குறைபட்டுக்கொள்கிறார். மேட் ஃப்ராக்‌ஷன் எழுதி டேவிட் அஹா வரைந்த ‘ஹாக்ஐ’ தொடரின் 11ஆவது இதழ் (2013) முழுக்க ஒரு நாயின் பார்வையில் நடக்கிறது. ஒரு மனிதரைப் பார்த்ததும் அவரைச் சுற்றிச் சின்னச் சின்னக் குறிப்படங்கள் கிளம்புகின்றன, அவர் மேல் என்ன வாசனை, அவர் யாரோடு இருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பேச்சுக்குமிழில் நாய்க்குப் புரியும் ஓரிரு சொற்கள் மட்டும் எழுத்தாக இருக்கும், மற்றதெல்லாம் கிறுக்கல். அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரு கொலையை நாய் மோப்பம் பிடித்து அலைகிறது, நாம் அதோடு ஓடுகிறோம். 2014இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருது இதற்குத்தான் கிடைத்தது. வுல்ஃபின் வாக்கியங்கள் எவ்வளவு அழகானாலும் இந்தப் போட்டியில் காமிக்ஸ்தான் வெற்றி, வுல்ஃபின் குறைக்கே அது பதில் சொல்லியிருக்கிறது.

இனி சாவும் முடிவும். சூப்பர்ஹீரோ காமிக்ஸ் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இங்கேதான். 1992 கடைசியில் வந்த ‘சூப்பர்மேன்’ 75ஆவது இதழில் சூப்பர்மேன் செத்துப்போகிறான். கட்டமைப்பு பிரமாதம்: அந்தக் கதை வந்த முந்தைய மூன்று இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், மூன்று கட்டம், இரண்டு கட்டம் என்று குறைந்துகொண்டே வந்து, அவன் சாகும் இதழில் பக்கத்துக்கு ஒரே படம். அடி ஒவ்வொன்றும் பக்கத்தை நிறைக்கிறது, மூச்சு விட இடமில்லை. ஆனால் 1993லேயே திரும்பி வந்துவிட்டான். வரத்தான் செய்வான், மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அவ்வளவு உழைப்பும் வீணாகிற மாதிரி மனம் வலிக்கிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. குழந்தையில்லாத தம்பதி காளியும் பொன்னாவும். நாவல் முடியும்போது காளி உயிரோடு இருப்பானா மாட்டானா என்று நமக்குத் தெரியாது. 2014இல் அவர் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார், ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிட்டான், ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொண்டான். காமிக்ஸ் நிறுவனமான மார்வல் 1977இல் ஆரம்பித்த ‘வாட் இஃப்’ தொடரும் இதே வேலையைத்தான் செய்தது, இப்படி நடக்காமல் அப்படி நடந்திருந்தால் என்று. வித்தியாசம் என்னவென்றால் ‘வாட் இஃப்’ கதை முடிந்ததும் மூலக்கதை அப்படியே அசையாமல் இருக்கும், யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. இங்கே காளி இறந்தாலும் பொன்னா படுகிறாள், பிழைத்தாலும் பொன்னா படுகிறாள், ஒன்றில் அவன் இல்லாமை, மற்றதில் அவன் மௌனம். இரண்டு பாதையும் முழு எடையோடு இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு முடிவு கொடுத்தும் எதுவும் மலிவாகவில்லை. இந்த ஜோடியில் ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது, நாவல் அவ்வளவு தூரம் முன்னால் போய்விடுகிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆவது இதழில் இறந்த ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி நிஜமாகவே திரும்பவில்லை. நகலெடுத்த க்வென், வேறொரு உலகத்து க்வென் எல்லாம் வந்தார்கள், அந்தக் க்வென் வரவில்லை. விழும் அவளை ஸ்பைடர்மேனின் வலை பிடிக்கும் கட்டத்தில், கழுத்துக்குப் பக்கத்தில் ‘ஸ்னாப்’ என்று ஒரு சின்ன ஒலிச்சொல். கீழே விழுந்த வேகம் கொன்றதா, காப்பாற்றப் போன வலை கொன்றதா என்று வாசகர்களை விவாதிக்க வைத்தது அந்தச் சின்னச் சொல். முடிவு நிலைக்கும்போது காமிக்ஸ் எவ்வளவு ஆழத்துக்குப் போக முடியும் என்பதற்கு அந்த ஒரு கட்டம் போதும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் முடிவு திட்டமிட்ட 12 இதழ்த் தொடர்களிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறேன்.

கடைசி ஜோடியில் எனக்குத் தீர்ப்பே சொல்ல வரவில்லை. மைக்கேல் சேபனின் ‘தி அமேசிங் அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கவலியர் அண்ட் க்ளே’ (2000, அடுத்த ஆண்டு புலிட்சர் விருது) காமிக்ஸ் உருவாக்கியவர்களைப் பற்றிய நாவல். நாஜிகளிடமிருந்து தப்பி ப்ராகிலிருந்து வந்த ஜோ, தன் நாயகன் ஹிட்லரைக் குத்துவதாக வரைகிறான், ஏனென்றால் குடும்பத்தை மீட்க அவனால் முடியவில்லை. தம்பி ஏறிவந்த கப்பலும் மூழ்கடிக்கப்படுகிறது. காகிதத்தில் எல்லாரையும் காப்பாற்றும் கைகளால் ஒருவனைக்கூடக் காப்பாற்ற முடியாத அந்த வேதனை, தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றுவிட்ட ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரையும் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் கிராண்ட் மாரிசனும் ஃப்ராங்க் குவைட்லியும் 2005 முதல் 2008 வரை செய்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’. சூப்பர்மேன் எப்படி வந்தான் என்பதை முதல் பக்கத்தில் நான்கு கட்டம், எட்டே சொற்களில் முடித்துவிட்டு மேலே போகிறது. சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த சூப்பர்மேன் அதில் உலகத்துக்கான வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கிறான். பத்தாவது இதழில் கட்டட விளிம்பில் நிற்கும் ஒரு சின்னப் பெண்ணின் பின்னால் வந்து நின்று, உன் டாக்டர் வர நிஜமாகவே தாமதமாகிவிட்டது, நீ நினைப்பதைவிட நீ வலிமையானவள் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறான். ஒரே பக்கம்தான்.

இரண்டையும் படிப்பதாக இருந்தால் சேபனை முதலில் படியுங்கள், அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும், பரவாயில்லை. யாரையும் காப்பாற்ற முடியாதவர்கள்தான் இந்த நாயகர்களை வரைந்தார்கள் என்று தெரிந்துகொண்டு மாரிசனின் அந்தப் பக்கத்துக்கு வந்தால் அது வேறு பக்கமாக இருக்கும்.