ஐ7-8750ஹெச் லேப்டாப்பில் அண்டர்வோல்ட்: 2019-லிருந்து ஓட்டிப் பார்த்ததில்

லேப்டாப் பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் சூடு சரசரவென்று இறங்கும், பேட்டரி கூடுதலாக நிற்கும், வேகமும் ஏறும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மூன்றும் சேர்ந்தெல்லாம் கிடைக்காது. 2019-லிருந்து ஒரு இன்டெல் ஐ7-8750ஹெச் லேப்டாப்பை இப்படி வோல்டேஜைக் குறைத்து, அதாவது அண்டர்வோல்ட் செய்துதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீடியோ எடிட்டிங்கும், வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்265 என்கோடிங்கும்தான் அதற்கு வேலை, இடம் மதுரையில் ஏசி இல்லாத ஒரு மாடி அறை, சித்திரை மாதத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறைப்பதற்கு ஏன் இடம் இருக்கிறது என்றால், ஒரே மாடலில் வரும் எல்லாச் சிப்பும் ஒரே தரமாக இருப்பதில்லை. அதில் சுமாரானதும், மோசமான சூட்டிலும், தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். நம் கைக்கு வந்தது நல்ல சிப் என்றால் அந்தத் தாராளம் முழுக்க வீண் சூடு. அதுவும் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் சின்னக் குறைப்புகூட நன்றாகத் தெரியும்: 1.05 வோல்ட்டில் ஓடுவதில் 125 மில்லிவோல்ட் குறைத்து 0.925-க்குக் கொண்டுவந்தால், சிப்பில் சும்மாவே கசியும் மின்சாரத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அதே வேகத்துக்குச் சுமார் 22 சதவீதம் மிச்சம்.

நான் பயன்படுத்துவது விண்டோஸில் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருள். அதில் எஃப்ஐவிஆர் என்ற ஜன்னலைத் திறந்து கோர் (கணக்குப் போடும் பகுதி), கேஷ் (பிராசசரின் உள் நினைவகம்) இரண்டுக்கும் ஆஃப்செட், அதாவது எவ்வளவு வோல்டேஜ் கழிக்க வேண்டும் என்ற அளவு, வைக்க வேண்டும், கோருக்கு மட்டும் வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. -50 மில்லிவோல்ட்டில் ஆரம்பித்து மெதுவாக இறக்கிக்கொண்டே போகலாம். சோதிக்கும் காலத்தில் அங்கே 'வோல்டேஜைச் சேமிக்காதே' என்ற தேர்வையே வைத்திருங்கள், அப்போதுதான் மெஷின் உறைந்து நின்றாலும் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். அளவாகச் செய்தால் வோல்டேஜைக் குறைப்பதால் சிப் கெடாது. அதிகபட்சம் ப்ளூ ஸ்கிரீன், சேமிக்காத வேலை போகும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிரைம்95 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழு லோடில் நெடுநேரம் ஓட்டி, ஒன்றும் ஆகவில்லை, சரி முடிந்தது என்று நினைப்போம். மறுநாள் சும்மா யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படுத்துவிடும். காரணம், அந்த ஆஃப்செட் எல்லா வேகத்துக்கும் ஒரே அளவில் கழிகிறது. முழு லோடில் ஆறு கோரும் நடுத்தர வேகத்தில் நிதானமாக ஓடும். லேசான வேலையில்தான் ஒரு கோர் மட்டும் திடீரென்று 4.1 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும், உடனே கீழே இறங்கும், மறுபடி தாவும். விழுவது அந்தத் தாவலில்தான். அதனால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை மட்டும் நம்பாமல், சில நாள் வழக்கமான வேலையைச் செய்துவிட்டு விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். வியா-லாகர் (WHEA-Logger), ஐடி 19 என்று மஞ்சள் எச்சரிக்கை இருந்தால், மெஷின் விழவில்லை என்றாலும், பிராசசர் பிழை செய்து தானே திருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 10 மில்லிவோல்ட் மேலே ஏற்றிவிடுங்கள்.

இப்போது பலன். என்கோடிங்கில் இந்தச் சிப் 45 வாட் வரம்பில் முட்டிக்கொண்டுதான் ஓடும். வோல்டேஜைக் குறைத்ததும் என்ன ஆனது தெரியுமா, சூடு அப்படியே 90-க்கு மேல்தான் நின்றது, வேகம் மட்டும் 3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து 3.4-க்குப் போனது. யோசித்தால் நியாயம்தான்: 45 வாட் அனுமதி இருக்கும்வரை அது 45 வாட்டையும் தின்னும், மிச்சப்பட்டதை வேகமாக மாற்றிக்கொள்ளும். உள்ளே போவது 45 வாட் என்றால் வெளியே வரும் சூடும் 45 வாட்தான். சூடு குறைய வேண்டும் என்றால் அந்த அனுமதியையும் நாமே குறைக்க வேண்டும். த்ராட்டில்ஸ்டாப்பின் டிபிஎல் பகுதியில் பிஎல்1 என்ற நெடுநேர வாட் வரம்பை 35 வாட் ஆக்கினேன். பழைய வேகம் கிட்டத்தட்ட அப்படியே, சூடு 80 பக்கம், ஃபேன் அலறுவது நின்றது, கீபோர்டில் டபிள்யூ, எஸ் விசைகள் பக்கம் விரல் வைக்க முடிகிறது. என்னைக் கேட்டால் அண்டர்வோல்ட் பாதி வேலைதான், மீதிப் பாதி இந்த வாட் வரம்பு. அதைச் சொல்லாமல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

கேமில் கதை வேறு. அங்கே பிராசசர் பெரும்பாலும் 45 வாட்டைத் தொடுவதில்லை, அதனால் வோல்டேஜ் குறைத்த உடனே சூடு நேராக இறங்கும், சூட்டைக் கடத்தும் அதே ஹீட்பைப்பில் தொங்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் அதில் பங்கு கிடைக்கும். பேட்டரியில்? பிரவுசிங், டைப்பிங் என்று ஓட்டும்போது பிராசசர் தூங்கித் தூங்கித்தான் வேலை செய்கிறது, அந்த நேரத்தில் சாப்பிடுவது டிஸ்ப்ளேயும் வைஃபையும்தான். பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை.

வருஷம் போகப் போக சிப்பும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஆரம்பத்தில் -125-ல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, பிறகு ஒரு கோடையில் அந்த மஞ்சள் எச்சரிக்கைகள் எட்டிப்பார்க்க ஆரம்பித்தன, தெர்மல் பேஸ்ட் மாற்றியும் நிற்கவில்லை, -110-க்கு ஏற்றியதும் நின்றன. இப்போதும் அதில்தான் ஓடுகிறது.

புதிதாக முயற்சி செய்கிறவர்கள் முதலில் வோல்டேஜ் மாற்றும் வசதிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற ஓட்டை வெளியே வந்தது. வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்துக் கணக்கைப் பிசகவைத்து, இன்டெல் பிராசசருக்குள் ரகசியங்களைப் பாதுகாக்கும் எஸ்ஜிஎக்ஸ் பெட்டகத்துக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளை எடுக்க முடியும் என்று பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பிறகு வந்த பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகளில் இந்த வசதியையே பூட்டத் தொடங்கினார்கள், 10-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களிலிருந்து பெரும்பாலான லேப்டாப்பில் ஆஃப்செட் நகராது. பூட்டாத மெஷினிலும் விண்டோஸ் 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஓடிக்கொண்டிருந்தால் வேலை செய்யாமல் போகலாம். நான் அதை அணைத்து வைத்திருக்கிறேன், இது எடிட்டிங்குக்கு மட்டுமே ஆன மெஷின். பேங்க் வேலையெல்லாம் பார்க்கும் லேப்டாப் என்றால் அணைக்க மாட்டேன்.

என் தம்பியின் 10-ஆம் தலைமுறை லேப்டாப்பில் இப்படித்தான் பூட்டு. அதில் பிஎல்1-ஐ மட்டும் குறைத்துக் கொடுத்தேன், வேகம் கொஞ்சம் போனது, அவனுக்குப் பரவாயில்லை. அதையும் பூட்டியிருந்தால் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 99% என்று வைத்துப் பாருங்கள், டர்போவே வராது, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் தாவாது. 8750ஹெச் என்றால் 2.2 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரெண்டரிங்குக்கு அது ஆகாது, எக்செலுக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் தாராளம்.